இல்லத் திரையரங்க ஒளிமங்கி ஒருங்கிணைப்பு

இல்லத் திரையரங்க ஒளிமங்கி ஒருங்கிணைப்பு என்பது, தொலைவிலிருந்து இயக்கக்கூடிய ஒளிமங்கிகளை உயர்தர வீட்டுப் பொழுதுபோக்குக் கருவிகளுடன் இணைத்து, படம் தொடங்குதல், இடையில் நிற்றல், முடிதல் ஆகிய நிலைகளுக்கு ஏற்ப அறையின் வெளிச்சம் தானாக மாறும்படி அமைக்கும் தொழில்நுட்பம் ஆகும். விளக்கின் ஒளியைப் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி ஒளிமங்கி எனப்படும். பேச்சு வழக்கில் இது டிம்மர் என்றே வழங்குகின்றது.

தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரு பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் மங்கிப் படம் தொடங்குவது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் இதற்கு மூன்று சிக்கல்கள் தீர்க்கப்படவேண்டும். கட்டளை ஒளிமங்கியைத் தவறாமல் சென்றடைய வேண்டும். விளக்கு அவ்வேளையில் எந்த நிலையில் உள்ளது என்பதைக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிந்திருக்க வேண்டும். ஒளிமங்கி உண்டாக்கும் மின் இரைச்சல் ஒலி அமைப்பினுள் புகாதிருக்க வேண்டும். இவற்றோடு, கட்டுப்பாட்டு அமைப்பு முழுவதும் செயலிழந்தாலும் சுவரிலுள்ள ஆளி விளக்கை ஏற்றவும் அணைக்கவும் வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை நெறியாகக் கொள்ளப்படுகின்றது.

தேவை

படவீழ்த்தி திரையில் ஒளியைச் சேர்க்க வல்லது. இருளைச் சேர்க்க அதனால் இயலாது. ஆகவே திரையில் தோன்றும் கருமை, அறை விளக்குகளின் ஒளி திரையில் எவ்வளவு விழுகின்றது என்பதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரு படவீழ்த்தி இருட்டறையில் வெண்மைக்கு 50 அலகும் கருமைக்கு 0.05 அலகும் ஒளி தருவதாகக் கொள்வோம். அதன் மாறுபாட்டு விகிதம் 1000:1 ஆகும். அறை விளக்கிலிருந்து 0.5 அலகு ஒளி மட்டும் திரையில் விழுந்தால், வெண்மை 50.5 ஆகவும் கருமை 0.55 ஆகவும் மாறும். விகிதம் ஏறத்தாழ 92:1 ஆகச் சுருங்கிவிடும். பெரும் பொருட்செலவில் வாங்கிய படவீழ்த்தியின் திறனில் பத்தில் ஒன்பது பங்கை மங்கலான ஒரு விளக்கே வீணாக்கிவிடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறானது. முழு இருளில் ஒளிமிக்க திரையை நெடுநேரம் பார்ப்பது கண்ணுக்குக் களைப்பைத் தரும். எனவே திரைக்குப் பின்னுள்ள சுவரில் மெல்லிய பின்னொளி அமைக்கப்படுகின்றது. இதன் நிற வெப்பநிலை, காணொளிகளின் வெண்மைக்குரிய 6500 கெல்வினை ஒட்டியும், அதன் ஒளிர்வு திரையின் உச்ச வெண்மையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டிற்கு மிகாமலும் இருத்தல் நன்று. மங்கவைத்த இழை விளக்கு செந்நிறம் கொள்வதால், இப்பணிக்கு அது பொருந்தாது.

வெளிச்சம் மாறும் வேகமும் இன்றியமையாதது. மனிதக் கண் இருளுக்குப் பழகச் சில நிமிடங்கள் தொடங்கி அரைமணி நேரம் வரை ஆகும். இடைநிறுத்தத்தின்போது விளக்குகள் திடீரென முழு ஒளியில் எரிந்தால் கண் கூசும். மீண்டும் படம் தொடங்கும்போது இருண்ட காட்சிகளின் நுட்பங்கள் சிறிது நேரம் புலப்படா. இதனாலேயே வெறும் ஆளிக்கு மாற்றாக ஒளிமங்கி வேண்டப்படுகின்றது.

வரலாறு

நாடக அரங்குகளில் ஒளியைக் குறைக்கத் தொடக்கத்தில் மின்தடைகளும், பின்னர் தன்மின்மாற்றிகளும் பயன்பட்டன. இவை பருமனும் எடையும் மிக்கவை. மின்தடை வகை, குறைக்கும் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக வீணாக்கியது. 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டர் வகையைச் சேர்ந்த குறைகடத்தி ஆளியை அறிமுகப்படுத்தியது. 1960-களில் மின்னோட்டத்தை இரு திசைகளிலும் கட்டுப்படுத்தும் டிரையாக் வந்தது. இதன்பின் ஒளிமங்கி சுவரிலுள்ள சிறு ஆளிப்பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. வீட்டு ஒளிமங்கியைப் பரவலாக்கியவர்களுள் ஜோயல் ஸ்பைரா குறிப்பிடத்தக்கவர். அவர் 1961-இல் பென்சில்வேனியாவில் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார்.

தொலைக்கட்டுப்பாட்டின் வரலாறு தனி வழியில் வளர்ந்தது. 1956-இல் செனித் நிறுவனம், ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த மீயொலித் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியை வெளியிட்டது. பின்னர் அகச்சிவப்புக் கருவிகள் அதன் இடத்தைப் பிடித்தன. 1975-இல் ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், வீட்டின் மின்கம்பிகள் வழியாகவே கட்டளை அனுப்பும் எக்ஸ்-10 நெறிமுறையை உருவாக்கியது. 1970-களின் இறுதியில் இது அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

இவ்விரு வழிகளும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஒன்றுசேரத் தொடங்கின. அமெரிக்காவில் இல்லத் திரையரங்கு அமைப்பது தனித் தொழிலாக வளர்ந்தது. அத்தொழிலில் ஈடுபட்டோருக்கான சீடியா என்னும் சங்கம் 1989-இல் தோன்றியது. கிரெஸ்ட்ரான், ஏ.எம்.எக்ஸ். ஆகிய நிறுவனங்களின் மையக் கட்டுப்படுத்திகள் செல்வந்தர் இல்லங்களில் இடம்பெற்றன. 1998-இல் பிலிப்ஸ் வெளியிட்ட புரோன்ட்டோ என்னும் தொடுதிரைத் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி, பிற கருவிகளின் அகச்சிவப்புக் குறியீடுகளைக் கற்றுக்கொள்ள வல்லது. ஒரே பொத்தானில் பல கட்டளைகளை அடுக்கி வைக்கும் வசதியும் அதில் இருந்தது. இதனால் ஆர்வலர்கள் தாமே ஒளிமங்கியையும் ஒலி-ஒளிக் கருவிகளையும் இணைத்துக்கொள்ள முடிந்தது.

ஒளிமங்கி இயங்கும் முறை

பெரும்பாலான வீட்டு ஒளிமங்கிகள் மின்னழுத்தத்தைச் சீராகக் குறைப்பதில்லை. மாறுதிசை மின்னோட்டத்தின் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, எஞ்சிய பகுதியை மட்டும் விளக்கிற்கு அனுப்புகின்றன. இதற்குக் கட்ட வெட்டு முறை என்று பெயர். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரையாக் நொடிக்கு 120 முறையும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 முறையும் மின்னோட்டத்தைத் தொடக்கிவிடுகின்றது. விளக்கின் இழை அதற்குள் குளிர்ந்துவிடாததால் கண்ணுக்கு ஒளி தொடர்ச்சியாகவே தெரிகின்றது.

மின்திறன், ஒளி, கண் உணரும் ஒளி ஆகிய மூன்றும் ஒரே அளவில் குறைவதில்லை. ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் சரிபாதியை வெட்டினால் இழை விளக்கிற்குச் செல்லும் திறன் பாதியாகும். ஆனால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்துவிடும். கண்ணின் உணர்வு, அளந்த ஒளியின் இருபடி மூலத்தை ஒட்டி அமைவதாகத் துறையினர் கொள்கின்றனர். அதன்படி:

* அளந்த ஒளி 25 விழுக்காடு எனில், கண் உணர்வது ஏறத்தாழ 50 விழுக்காடு.
* அளந்த ஒளி 10 விழுக்காடு எனில், கண் உணர்வது ஏறத்தாழ 32 விழுக்காடு.
* அளந்த ஒளி 1 விழுக்காடு எனில், கண் உணர்வது ஏறத்தாழ 10 விழுக்காடு.

10 விழுக்காடு வரை மட்டுமே மங்கக்கூடிய விளக்கு திரையரங்கிற்குப் போதாது என்பது இப்பட்டியலால் தெரியவரும். 1 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே நடுக்கமின்றி மங்கும் விளக்கும் ஒளிமங்கியும் வேண்டப்படுவது இக்காரணத்தினாலேயே ஆகும்.

கட்டளை செல்லும் வழிகள்

அகச்சிவப்பு

தொலைக்காட்சி, வட்டு இயக்கி, ஏ.வி. ரிசீவர் முதலிய கருவிகளின் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும் அகச்சிவப்பு ஒளியில் குறியீடுகளை அனுப்புகின்றன. ஒளிமங்கியும் அகச்சிவப்புக் கண் உடையதாயின், கற்கும் திறனுள்ள ஒரே கருவி அனைத்தையும் இயக்கும். செலவு குறைந்த முறை இதுவே.

இதன் குறைகள் சில. அகச்சிவப்பு சுவரைக் கடக்காது. கருவிகள் மூடிய அலமாரிக்குள் இருந்தால், அறையில் ஓர் உணரியும் அலமாரிக்குள் சிறு ஒளியுமிழ்ப்பான்களும் கொண்ட மறுபரப்பி தேவைப்படும். நேரடி வெயில், குறுங்குழல் ஒளிர் விளக்குகள், பிளாஸ்மா தொலைக்காட்சித் திரைகள் ஆகியன உணரியைக் குழப்பக்கூடும். எளிய அகச்சிவப்பு ஒளிமங்கிகளுக்குத் தனி முகவரி இருப்பதில்லை. ஒரே அறையில் அத்தகைய இரண்டு இருப்பின் ஒரே கட்டளைக்கு இரண்டும் பணியும்.

மின்கம்பி வழி

எக்ஸ்-10 முறையில், மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் ஒவ்வொரு கணத்திலும் 120 கிலோஹெர்ட்ஸ் அலையின் 1 மில்லிநொடித் துடிப்பு அனுப்பப்படுகின்றது அல்லது அனுப்பப்படாமல் விடப்படுகின்றது. 16 இல்லக் குறியீடுகளும் 16 கருவி எண்களும் சேர்ந்து 256 முகவரிகளைத் தருகின்றன. முகவரியும் கட்டளையும் கொண்ட ஒரு முழுச் செய்திக்கு 47 சுழற்சிகள் தேவை. அதாவது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முக்கால் நொடிக்கும் சற்று மிகுதி. பல விளக்குகளை அடுத்தடுத்து இயக்கும்போது இத்தாமதம் வெளிப்படையாகத் தெரியும்.

திரையரங்கக் கருவிகளே இம்முறைக்குப் பெரும் இடையூறாக அமைந்தன. மின்எழுச்சிக் காப்பிகளிலும் மின்வழங்கிகளிலும் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை இரைச்சலாகக் கருதி விழுங்கிவிடும். மேலும் அமெரிக்க வீடுகளுக்கு இரு 120 வோல்ட் கம்பிகள் வருகின்றன. ஒன்றில் அனுப்பிய குறிகை மற்றொன்றிற்குச் செல்ல இணைப்பி தேவைப்பட்டது. பழைய விளக்குக் கூறுகளில் இன்னொரு குறையும் இருந்தது. அணைந்திருக்கும் விளக்கிற்கு மங்குமாறு கட்டளையிட்டால், அது முதலில் முழு ஒளியில் எரிந்து, பின்னரே மங்கும். படம் ஓடும் இருட்டறையில் இது எத்தகைய தொல்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ரேடியோ அலை

ரேடியோ அலை சுவரைக் கடக்கும், நேர்ப்பார்வை தேவையில்லை. லூட்ரானின் அமைப்புகள் வட அமெரிக்காவில் 434 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்குகின்றன. டென்மார்க்கின் சென்சிஸ் நிறுவனம் உருவாக்கிய இசட்-வேவ் அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸிலும் ஐரோப்பாவில் 868.42 மெகாஹெர்ட்ஸிலும் செயற்படுகின்றது. சிக்பீ பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் வை-பை கருவிகளுடன் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றது.

இசட்-வேவ், சிக்பீ இரண்டும் வலைப்பின்னல் முறையின. தொடர்ந்து மின்சாரம் பெறும் ஒவ்வொரு ஒளிமங்கியும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும். எனவே ஓர் அறையில் ஒரே ஒரு ஒளிமங்கியைப் பொருத்துவதைவிட, வழிநெடுக இரண்டு மூன்று இருப்பது நம்பகமானது. உலோக ஆளிப்பெட்டி, உலோக அலமாரி, அலுமினியத் தாள் ஒட்டிய ஒலித்தடுப்புப் பலகை ஆகியவை அலையை வலுவிழக்கச் செய்யும்.

தனிக் கம்பி

கட்டடம் எழும்போதே திட்டமிட்டால் தனிக் கம்பி இணைப்பே மிக நம்பகமானது. மையக் கட்டுப்படுத்தியும் ஒளி அமைப்பும் ஆர்எஸ்-232 தொடர்வழி மூலமோ, ஈதர்நெட் பிணையம் மூலமோ பேசிக்கொள்கின்றன. பல ரிசீவர்களிலும் படவீழ்த்திகளிலும் 12 வோல்ட் தூண்டு வெளியீடு உண்டு. கருவி இயங்கும்போது 12 வோல்ட், நின்றால் சுழி என்பதே அது தரும் செய்தி. இதனைத் திரையை இறக்கவும், ஓர் உணர்த்தி வழியாக விளக்கு அமைப்பிற்குத் தகவல் தரவும் பயன்படுத்தலாம். ஆனால் படம் ஓடுகின்றதா, நிற்கின்றதா என்பதை அது சொல்லாது.

நிலை அறிதலும் தனிக் கட்டளைகளும்

ஒருங்கிணைப்பில் மிகுதியாக நேரும் பிழை, அமைப்பு நினைப்பதும் உண்மை நிலையும் வேறுபடுவதாகும். அகச்சிவப்பும் பழைய எக்ஸ்-10 கூறுகளும் ஒருவழிப் பாதைகள். கட்டளை சென்றடைந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. பல கருவிகளில் ஒரே பொத்தான் ஒரு முறை அழுத்தினால் இயக்கவும், மறுமுறை அழுத்தினால் நிறுத்தவும் செய்கின்றது. யாரேனும் சுவர் ஆளியைத் தொட்டு விளக்கை ஏற்கெனவே அணைத்திருந்தால், படத்தைத் தொடங்கும் கட்டளைத் தொடர் அதனை மீண்டும் ஏற்றிவிடும். அதன்பின் ஒவ்வொரு கட்டளையும் தலைகீழாகவே நிகழும்.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன.

* தனிக் கட்டளைகள்: இயக்குவதற்கு ஒன்று, நிறுத்துவதற்கு வேறொன்று, "20 விழுக்காட்டிற்குச் செல்" என்பதற்கு இன்னொன்று என ஒவ்வொரு நிலைக்கும் தனிக் குறியீடு இருத்தல். இவை முந்தைய நிலையைச் சார்ந்தவை அல்ல. எத்தனை முறை அனுப்பினாலும் முடிவு ஒன்றே. ஆகவே ஐயமிருப்பின் இருமுறை அனுப்பினாலும் கேடில்லை.
* இருவழித் தொடர்பு: ஒளிமங்கி தன் நிலையைத் திரும்ப அறிவித்தல். இசட்-வேவ், சிக்பீ, லூட்ரான் ஆகியவற்றின் அமைப்புகளில் இவ்வசதி உண்டு. சுவரில் கைவைத்து மாற்றினாலும் மையக் கட்டுப்படுத்தி அதனை அறியும்.

இவற்றுள் முதலாவது எளியது. கணினி நிரலாக்கத்திலும் இதே கோட்பாடு பின்பற்றப்படுகின்றது. கருவி வாங்குமுன் அதற்குத் தனிக் கட்டளைகள் உண்டா என உறுதிசெய்வது பின்னாளைய தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

ஒளிக் காட்சிகள்

பல விளக்குகளின் ஒளி அளவுகளையும் அவை மாறும் கால அளவையும் ஒரே பெயரின்கீழ் சேமித்து வைப்பது ஒளிக் காட்சி எனப்படும். ஓர் இல்லத் திரையரங்கின் ஒளிக் காட்சிகளுக்கு எடுத்துக்காட்டு வருமாறு:

* வருகை: கூரை விளக்குகள் 80 விழுக்காடு, சுவர் விளக்குகள் 60, படி விளக்குகள் 20. மாறும் காலம் 2 நொடி.
* முன்னோட்டம்: கூரை விளக்குகள் சுழி, சுவர் விளக்குகள் 15, படி விளக்குகள் 10. மாறும் காலம் 5 நொடி.
* படம்: கூரை, சுவர் விளக்குகள் சுழி, படி விளக்குகள் 2. மாறும் காலம் 8 நொடி.
* இடைநிறுத்தம்: சுவர் விளக்குகள் 10, படி விளக்குகள் 10. மாறும் காலம் 3 நொடி.
* துப்புரவு: அனைத்தும் 100 விழுக்காடு. உடனடி மாற்றம்.

தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியின் ஓட்டும் பொத்தானில் படம் என்னும் காட்சியும், நிறுத்தும் பொத்தானில் இடைநிறுத்தம் என்னும் காட்சியும் இணைக்கப்படுகின்றன. கட்டளைகளின் வரிசையும் கருதத்தக்கது. விளக்கு வகைப் படவீழ்த்திகள் சூடேறிப் படம் காட்ட அரை நிமிடம் வரை ஆகலாம். அதற்குமுன் அறையை இருளாக்கினால் விருந்தினர் இருட்டில் தடுமாறுவர். எனவே முதலில் படவீழ்த்தி, அடுத்து ரிசீவர், இடைவெளிக்குப் பின்னரே விளக்குகள் என வரிசை அமைக்கப்படும்.

சில உயர்நிலைக் கருவிகள் இன்னும் ஒரு படி முன்னே செல்கின்றன. 2001-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட கலைடிஸ்கேப் நிறுவனத்தின் திரைப்பட வழங்கிகள், படம் முடிந்து பெயர்ப் பட்டியல் தொடங்கும் கணத்தை அறிந்து கட்டுப்பாட்டு அமைப்பிற்குக் குறிகை அனுப்பவல்லன. பார்ப்பவர் எதையும் அழுத்தாமலே விளக்குகள் மெல்ல ஒளிபெறும்.

ஒலியில் இரைச்சல்

கட்ட வெட்டு ஒளிமங்கி ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் மின்னோட்டத்தைத் திடீரெனத் தொடக்குவதால், உயர் அதிர்வெண் இரைச்சல் எழுகின்றது. வெட்டும் இடம் அலையின் உச்சியை ஒட்டியிருக்கும்போது, அதாவது விளக்கு ஏறத்தாழப் பாதித் திறனில் இருக்கும்போது, இரைச்சல் மிகுதி. 120 வோல்ட் மின்சாரத்தில் அவ்வுச்சி ஏறத்தாழ 170 வோல்ட். 230 வோல்ட் மின்சாரத்தில் 325 வோல்ட். இத்திடீர்த் தாவல் இரு வகையில் வெளிப்படும். ஒன்று, விளக்கின் இழையே அதிர்ந்து ரீங்கரிப்பது. மற்றொன்று, இரைச்சல் மின்கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ ஒலி மிகைப்பியை அடைந்து ஒலிபெருக்கியில் கேட்பது.

ஒலிபெருக்கியில் எழும் இரைச்சல் எங்கிருந்து வருகின்றது எனக் கண்டறிவது முதற்படி. மின்சார அதிர்வெண்ணிலேயே தாழ்ந்த குரலில் ஒலிக்கும் முனகல், பெரும்பாலும் நிலத்தொடுப்புக் கண்ணியால் ஏற்படுவது. இது வெவ்வேறு இடங்களில் நிலத்தொடுப்புப் பெற்ற இரு கருவிகளைக் குறிகைக் கம்பி இணைக்கும்போது உண்டாகின்றது. விளக்கின் ஒளியை மாற்றும்போது தானும் மாறுகின்ற கரகரப்பான ரீங்காரம் ஒளிமங்கியிலிருந்து வருவது. விளக்கை முழு ஒளியில் வைத்தோ, அணைத்தோ பார்த்தால் இவ்விரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

இரைச்சலைத் தவிர்க்கக் கையாளப்படும் வழிகள்:

* விளக்குகளுக்கும் ஒலி-ஒளிக் கருவிகளுக்கும் மின்பலகையிலிருந்தே தனித்தனிச் சுற்றுகள் அமைத்தல்.
* குறிகைக் கம்பிகளை விளக்குக் கம்பிகளுக்கு இணையாக நெடுந்தொலைவு கொண்டுசெல்லாதிருத்தல். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கச் செய்தல்.
* போதிய மின்தூண்டி உள்ள ஒளிமங்கியைத் தேர்தல். மின்தூண்டி மின்னோட்டம் எழும் வேகத்தைத் தணிக்கின்றது. விலை குறைந்த ஒளிமங்கிகளில் இப்பகுதியே சுருக்கப்படுகின்றது.
* மிகைப்பி தொலைவில் இருப்பின் சமநிலைக் கம்பி இணைப்பைப் பயன்படுத்தல்.

கருவியின் நிலத்தொடுப்பு முனையைத் துண்டித்து இரைச்சலைப் போக்குவது ஒருபோதும் செய்யத்தகாதது. முனகல் நின்றுபோகலாம்; ஆனால் மின்கசிவு ஏற்படும்போது கருவியின் உலோக உறை உயிர்க்கொல்லியாக மாறும்.

எல்.இ.டி. விளக்குகள்

இழை விளக்குகளுக்கென உருவான கட்ட வெட்டு முறை, எல்.இ.டி. விளக்குகளுக்கு இயல்பாகப் பொருந்துவதன்று. எல்.இ.டி. விளக்கினுள் உள்ள மின்னணுச் சுற்று, வெட்டுப்பட்ட அலையைப் பார்த்து எவ்வளவு மங்கவேண்டும் என்று ஊகிக்க வேண்டியுள்ளது. இதனால் நடுக்கம், குறைந்த அளவில் திடீரென அணைதல், அணைத்த பின்னும் மெலிதாக ஒளிர்தல் ஆகியன நேர்கின்றன.

அலையின் முற்பகுதியை வெட்டும் டிரையாக் ஒளிமங்கிகளைவிட, பிற்பகுதியை வெட்டும் ஒளிமங்கிகள் பல எல்.இ.டி. விளக்குகளுடன் அமைதியாக இயங்குகின்றன. ஒளிமங்கிக்குக் குறைந்தபட்சச் சுமையும் உண்டு. 600 வாட் இழை விளக்குகளுக்கென அமைந்த ஒளிமங்கியில் 6 வாட் எல்.இ.டி. ஒன்றை மட்டும் இணைத்தால் அது சரியாக இயங்காமற் போகலாம். விளக்கையும் ஒளிமங்கியையும் உற்பத்தியாளரின் பொருத்தப் பட்டியலைப் பார்த்துச் சேர்த்து வாங்குவது நல்லது. பெரிய அமைப்புகளில், கட்ட வெட்டை விட்டுவிட்டு டாலி போன்ற எண்ணிமக் கட்டளை முறைகளும் பயன்படுகின்றன.

மங்கும்போது பெரும்பாலான எல்.இ.டி. விளக்குகளின் நிறம் மாறுவதில்லை. பின்னொளிக்கு இது நன்மை. இழை விளக்கின் பொன்னிற மங்கலை விரும்புவோர்க்கெனச் செந்நிறம் நோக்கி மாறும் சிறப்பு வகைகளும் விற்கப்படுகின்றன.

பாதுகாப்பு

* ஒளிமங்கி விளக்கிற்கு மட்டுமே உரியது. படவீழ்த்தி, மிகைப்பி, திரையை இறக்கும் மோட்டார் ஆகியவற்றையோ, மின்செருகு குழிகளையோ பொது ஒளிமங்கியின் வழியே இணைத்தல் கூடாது. வெட்டுப்பட்ட மின்னலை அக்கருவிகளைப் பழுதாக்கும். தீ மூளவும் காரணமாகலாம். அமெரிக்காவின் தேசிய மின்னியல் விதித்தொகுப்பு இதனைக் கட்டுப்படுத்துகின்றது.
* ஒளிமங்கி வெப்பத்தை வெளியிடும். பல ஒளிமங்கிகளை அருகருகே ஒரே பெட்டியில் பொருத்தினால், ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய சுமை குறையும். குறைவின் அளவு உற்பத்தியாளரின் தாளில் தரப்பட்டிருக்கும்.
* தொலைக்கட்டுப்பாட்டு ஒளிமங்கிகள் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி தேவை. பழைய வீடுகளின் ஆளிப்பெட்டிகளில் அது இல்லாதிருக்கலாம். நிலத்தொடுப்புக் கம்பியை அதற்கு மாற்றாகப் பயன்படுத்துவது உயிருக்கு ஊறு விளைவிக்கும்.
* படிகளும் வெளியேறும் வழியும் உள்ள அறையில் எந்தக் காட்சியும் முழு இருளைத் தராதிருக்க வேண்டும். 1 அல்லது 2 விழுக்காட்டில் எரியும் படி விளக்கு படத்தைக் கெடுப்பதில்லை. எழுந்து செல்பவரை விழாமற் காக்கும்.

வட்டார வேறுபாடுகள்

இத்துறையின் கருவிகளில் பல வட அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கென வடிவமைக்கப்பட்டவை. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வழங்கப்படுகின்றது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்படும் ஒளிமங்கியை இங்கு நேரடியாகப் பொருத்தினால் அது எரிந்துபோகும். மின்மாற்றியைக் கொண்டு இணைப்பதும் பொருத்தமான தீர்வன்று. ரேடியோ அலைவரிசையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எடுத்துக்காட்டாக, இசட்-வேவ் இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸில் இயங்க வேண்டும். அமெரிக்க அலைவரிசைக் கருவி இந்தியக் கட்டுப்படுத்தியுடன் பேசாது என்பதோடு, அதனை இங்கு இயக்குவது சட்டத்திற்கும் புறம்பானது.

நிறுவனச் சார்பும் நீடிப்பும்

சுவரில் பொருத்தும் ஒளிமங்கி இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைக்கும். அதனைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியின் வணிக வாழ்நாள் அதைவிட மிகக் குறுகியது. இத்துறையில் அண்மைக் காலத்தில் நேர்ந்தவை இதற்குச் சான்று. பிலிப்ஸ் 2010-இல் புரோன்ட்டோ வணிகத்தைக் கைவிட்டது. கனடாவில் உருவாகி, 2004-இல் லாஜிடெக் நிறுவனத்தால் வாங்கப்பட்ட ஹார்மனி தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகளின் உற்பத்தி 2021-இல் நிறுத்தப்பட்டது. மின்கம்பி, ரேடியோ அலை இரண்டையும் இணைத்து 2005-இல் வந்த இன்ஸ்டியான் அமைப்பின் வழங்கிகள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. பயனர்கள் கைப்பேசிச் செயலி வழியாகத் தம் வீட்டு விளக்குகளை இயக்க முடியாத நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பயனர் குழு ஒன்று அந்நிறுவனத்தை வாங்கி, வழங்கிகளை மீண்டும் இயக்கியது.

அந்நிகழ்விலும், சுவரிலிருந்த இன்ஸ்டியான் ஆளிகள் கையால் தொட்டபோது தொடர்ந்து வேலை செய்தன. வீட்டுக்குள்ளேயே இயங்கும் கட்டுப்படுத்தியை வைத்திருந்தோரின் அமைப்புகளும் பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை. இணைய வழங்கியை மட்டுமே நம்பியிருந்தோரே மிகுதியாக இடருற்றனர். எனவே ஒருங்கிணைப்பைத் திட்டமிடுவோர் பின்வரும் வினாக்களுக்கு விடை காண்பது நன்று:

* இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் காட்சிகள் இயங்குமா?
* மையக் கட்டுப்படுத்தி பழுதடைந்தால் சுவர் ஆளி தனித்து இயங்குமா?
* பயன்படுத்தும் நெறிமுறை ஒரு நிறுவனத்திற்கு மட்டும் உரியதா, பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதா?
* கட்டளை வரிசைகளும் நிலை அளவுகளும் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் உள்ளனவா, அமைத்துத் தந்தவரிடம் மட்டுமே உள்ளனவா?

பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று வீட்டுப் பிணையத்திற்குள்ளேயே பேசிக்கொள்ளும் நோக்குடன், மேட்டர் என்னும் பொது நெறிமுறையின் முதற்பதிப்பு 2022 அக்டோபரில் வெளியிடப்பட்டது. மங்கும் விளக்குகளும் ஆளிகளும் அதன் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன.

இவற்றையும் பார்க்க

* ஒளிமங்கி
* டிரையாக்
* தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி
* அகச்சிவப்புக் கதிர்
* எல்.இ.டி. விளக்கு
* இல்லத் தன்னியக்கம்

பகுப்புகள்: மின்னணுவியல் | மின் விளக்குகள் | இல்லத் தன்னியக்கம்